கயிற்றின் கடைசி ஆள்

கம்பெனியின் கயிறு இழுக்கும் போட்டியில் எங்கள் பேக்கிங் பிரிவு ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. கயிற்றின் கடைசியில் நின்று, "விட்டீங்க, கொன்னுடுவேன்!" என்று கத்தும் எங்கள் பிரிவின் கடைக்குட்டி, நாங்கள் செல்லமாக ‘வாண்டு’ என்று கூப்பிட்டவள், போன மாதம் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனாள். இன்று அவள் இடத்தைக் காலியாகவே விட்டோம்.

"ஆள் குறையுதே அக்கா, இப்பவே கும்பிடு போட்டுட்டுப் போயிடுங்க," என்றார் எதிர் அணி குடோன்காரர்.

"வாயை மூடிட்டுக் கயித்தைப் புடிங்க தம்பி," என்றாள் சூப்பர்வைசர் அக்கா.

விசில் அடித்தார்கள். கடைசியில் நின்றவன் நான். எனக்குப் பின்னால் மிச்சக் கயிறு தரையில் கிடந்திருக்க வேண்டும்; ஆனால் அந்தரத்தில் விறைப்பாக நின்றது. நான் சரியாகப் பார்க்காமலும் இருந்திருக்கலாம். குடோன் அணி மொத்தமும் கோட்டைத் தாண்டி வந்து விழுந்தது. ஜெயித்துவிட்டோம்!

கத்திக்கொண்டே எல்லோரும் கயிற்றை விட்டோம். எனக்குப் பின்னால் இருந்த நுனி மட்டும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தரையில் இறங்கியது.