சத்தம் போன காண்டெசா

தண்டபாணி தன் பழைய காண்டெசா காருக்கு வீட்டு ஷெட்டிலேயே கருஞ்சிவப்பு பெயிண்ட் அடித்தார். இரைச்சல் உள்ளே வராதிருக்கத் தரையிலும் கதவுகளிலும் தடித்த ரப்பர் விரிப்பை ஒட்டினார்.

மனைவி மரகதம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தாள். "கண்ணாலமான புதுசுல எனக்கொரு பவுடர் டப்பா வாங்கித் தந்திருப்பீங்களா? இதுக்கு மட்டும் மூணு கோட்டு!"

முதல் ஓட்டத்துக்கு அவளையே கூட்டிப்போனார். அந்தக் காலத்தில் ஊட்டி ஏற்றத்தில் இன்ஜின் போடும் கூச்சலில், எது சொல்வதானாலும் அவள் சாய்ந்து வந்து, அவர் தோளைப் பிடித்து, காதில் கத்த வேண்டும். மூச்சில் ஏலக்காய் மணக்கும்.

இப்போது கதவோரமாக உட்கார்ந்தபடியே மெல்லச் சொன்னாள். "நல்லாத்தானுங்க இருக்குது."

ஒரு சொல் விடாமல் கேட்டது.

"என்னது?" என்று தண்டபாணி அவள் பக்கம் தலையைச் சாய்த்தார்.