வெள்ளிக்கிழமை லப்டொப்புகள்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பைறூஸ் அந்த மூன்று லப்டொப்புகளையும் பையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இது நாலாவது வாரம்.

விரிவுரையாளர் செலீனா ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லப்டொப்புகள் பைறூஸுடையவை அல்ல. பல்கலைக்கழகத்தின் மன்னார் வளாகத்தில் மாணவர்கள் இணையத்தளம் செய்து பழக ஒரு மென்பொருளும், வீட்டுக்குக் கொடுத்துவிட முப்பது லப்டொப்புகளும் வாங்கப் போகிறார்கள். மூன்று கம்பனிகள் ஆளுக்கொரு லப்டொப்பில் தங்கள் மென்பொருளைப் போட்டு, ஒரு மாதம் பாவித்துப் பாருங்கள் என்று அனுப்பியிருந்தன. அவற்றுக்குப் பொறுப்பு தொழில்நுட்ப அலுவலர் பைறூஸ். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவரை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அடுத்த மாதம்தான் முடிவாகும்.

அப்படிப்பட்ட மனுசன் கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டாமா?

செலீனா நேரிலேயே கேட்டும் பார்த்துவிட்டார்.

“சோதிச்சுப் பார்க்கத்தான் கொண்டுபோறன் மிஸ்.”

“இங்க வைஃபை இருக்கு, ஏசி இருக்கு. இங்க வைச்சுச் சோதிக்கேலாதோ?”

பைறூஸ் சிரித்தார். மாதம் முடியட்டும், எல்லாவற்றையும் எழுதித் தருகிறேன் என்றார்.

முசலியில் அவருடைய தம்பிக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருப்பது செலீனாவுக்குத் தெரியும். லப்டொப்புகள் எங்கே போய் உழைக்கின்றன என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. அதோடு, சோதிக்கத்தான் என்ன இருக்கிறது? முதலாவது கம்பனியின் மென்பொருளைச் செலீனா பார்த்த அன்றே மனதுக்குள் வாங்கிவிட்டார். இணையத்திலேயே ஓடுவது. படத்தைப் பிடித்து இழுத்துவிட்டால் பக்கம் தானாக அமைந்துவிடும். மற்ற இரண்டும் பழைய காலத்துச் சாமான்.

அன்று பின்னேரமே துறைத் தலைவர் வலன்ரைனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பொதுச் சாமானைச் சொந்த வேலைக்கு எடுக்கிறவரை நிரந்தரமாக்கக் கூடாது என்று. செவ்வாய்க்கிழமை மென்பொருள் தெரிவுக் குழு கூடுகிறது, அதுவரை இது என்னிடமே இருக்கட்டும் என்றார் வலன்ரைன்.

செலீனா பொய்யைப் பொறுக்காதவர். அது நல்ல குணம்தான். எது பொய் என்பதையும் அவரே தீர்மானித்துவிடுவதில்தான் சிக்கல். ஒரு மாதத்துக்கு முன் தலைமன்னார் இறங்குதுறைப் பக்கத்திலிருந்து வரும் சுவேதினி என்ற மாணவி வீட்டில் செய்து தரவேண்டிய இரண்டு ஒப்படைகளைத் தரவில்லை. காரணம் கேட்டதற்கு, “எங்கட வீட்டில போன் இந்தியாவைத்தான் பிடிக்குது மிஸ். நெட் வராது” என்றாள்.

கடலே இல்லாத வவுனியாவிலிருந்து வந்த செலீனா இப்படி ஒரு சாக்குப்போக்கைக் கேட்டதே இல்லை.

“அப்ப ஒப்படையையும் இந்தியாவிலயே கொடும்.”

வகுப்பே சிரித்தது. இரண்டுக்கும் பூச்சியம் விழுந்தது. அடுத்த நாளிலிருந்து சுவேதினி வரவில்லை.

செவ்வாய்க்கிழமை குழு கூடியது. பைறூஸ் ஒரே ஒரு தாளை மேசையில் வைத்தார்.

“மாணவர்கள் வீட்டில வைச்சுத்தானே செய்யப்போகினம் சேர். அதுதான் அவையின்ர வீடுகளில வைச்சுப் பார்த்தனான். காத்து மாறினா சிக்னலும் மாறும். ஒரு நாள் பார்த்தாக் காணாது.”

தாளில் நான்கு சனி ஞாயிறுகளும் வரிசையாக இருந்தன. தாழ்வுபாட்டில் ஒரு வீடு, முசலியில் ஒரு வீடு, தலைமன்னாரில் ஒரு வீடு. தலைமன்னார் வீட்டுக்கு நேரே சுவேதினியின் பெயர். கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியா என்பதால் அங்கே போனில் ‘இந்தியாவுக்கு நல்வரவு’ என்று செய்தி வருகிறது, இணையம் வருவதில்லை. முதலாவது மென்பொருள் நான்கு வாரமும் திறக்கவே இல்லை. இரண்டாவது இடையிடையே நின்றுபோனது. மூன்றாவது மென்பொருள் லப்டொப்புக்குள்ளேயே இருப்பது. நெட் இல்லாமல் எல்லா வீட்டிலும் ஓடியது. வீட்டில் செய்து முடித்துவிட்டு வளாகத்துக்கு வந்து இணையத்தில் ஏற்றினால் போதும்.

செலீனா அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தார். அன்றைக்கு வகுப்பு சிரித்தபோது மூலையில் நின்று கேபிள் பூட்டிக்கொண்டிருந்தவர் பைறூஸ்தான் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி பைறூஸ் அங்கே ஒரு சொல் சொல்லவில்லை. அதற்காகவே செலீனாவுக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

மூன்றாவது மென்பொருளே தெரிவானது. யாரும் எதிர்க்கவில்லை. எல்லாரும் எழும்பிப் போன பிறகு வலன்ரைன் அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

“இது இன்னும் தேவையோ மிஸ்?”

செலீனா வாங்கி நாலாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இரவெல்லாம் யோசித்தார். பைறூஸிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு தலைமன்னாருக்குப் போய் அந்தப் பிள்ளையிடமும் கேட்க வேண்டும். ஒரு மாதம் வகுப்புக்கு வராத பிள்ளை, முகத்தைக்கூடப் பார்க்குமோ தெரியாது.

காலையில் கணினிக் கூடத்து வாசலில் சுவேதினியே நின்றாள். புத்தகப் பையோடு, முதல் பஸ்ஸில் வந்தவள்.

என்ன சொல்லித் தொடங்குவது என்று செலீனா தேடிக்கொண்டிருந்தபோது சுவேதினி முந்திக்கொண்டாள்.

“உங்களுக்கு நன்றி சொல்லத்தான் விடியவே வந்தனான் மிஸ். படிப்பை விட்டிட்டு நிக்க இருந்தனான். போன சனிக்கிழமை வந்தபோதுதான் பைறூஸ் சேர் விசயத்தைச் சொன்னவர். ‘அந்தப் பிள்ளை பொய் சொல்லாது, போய்ப் பார்த்திட்டு வாங்கோ’ எண்டு அவரை எங்கட வீட்டுக்கு அனுப்பினது நீங்கள்தானாம்.”