அமண்டாவின் அசைன்மென்ட்

“அம்மா, செத்துப் போகலாம்னு உங்களுக்கு எப்பவாவது தோணியிருக்கா?”

சாப்பாட்டு மேசையில் கேட்கிற கேள்வியா இது?

மாமி கரண்டியைக் கீழே வைத்தார். “நற்கருணை வாங்குன வாயா இது! பூசை முடிஞ்சு வந்த கையோட, பச்சப் பிள்ளை இருக்கிற வீட்ல பேசற பேச்சா?”

கேட்டவள் என் நாத்தனார் அமண்டா. ஜொகூர் பாருவில் நர்சிங் படிக்கிறாள். வார விடுமுறைக்குத்தான் கூலாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவாள்.

“அசைன்மென்ட்மா. தற்கொலையைத் தடுக்கறது பத்தி எங்களுக்கும் ஆஸ்பத்திரி நர்சுங்களுக்கும் ட்ரெய்னிங் நடந்துச்சு. சுத்தி வளைக்காம நேரா கேக்கணுமாம். கேட்கிறதால அந்த எண்ணம் வந்துடாதாம். வீட்ல எல்லார்கிட்டயும் கேட்டுப் பழகணும்.”

“எனக்குத் தோணும்லா,” என்றார் மாமா. “உங்கம்மா மீன் குழம்பு வைக்கிற அன்னைக்கெல்லாம்.”

“அப்பா! ஆமாவா, இல்லையா?”

“இல்லம்மா, இல்ல.”

என் கணவர் ரொனால்ட் பக்கம் திரும்பினாள். “நீ, அண்ணே?”

“நாளைக்கு விடியக்காலையில சிங்கப்பூர் போற காஸ்வே பாலத்து ஜாம்ல நிக்கும்போது கேளு, சொல்றேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். மாமி மட்டும் சிலுவை போட்டுக்கொண்டார். படிப்புத் திமிர் என்று நானும் நினைத்தேன். குழந்தைத் துணிகளை உலர்த்தும் சாக்கில் பின்வாசலுக்கு நழுவினேன்.

பின்னாலேயே வந்துவிட்டாள்.

“நீங்க மட்டுந்தான் பாக்கி, அண்ணி.”

நான் கான்வென்டில் படித்தவள். யார் என்ன கேட்டாலும் எனக்கு ஒரே பதில்தான்.

“ஐ’ம் ஃபைன், அமண்டா.”

“ஃபைன்ங்கிற பதில் இதுல கிடையாது அண்ணி. ஆமாவா, இல்லையா?”

அவள் காத்திருந்தாள். மேசையில் சிரித்தது போல இப்போது சிரிக்கவில்லை.

அசைன்மென்ட்தானே என்ற தைரியத்தில், வாய் தானாகத் திறந்துகொண்டது.

“ஆமா.”

கத்துவாள் என்று நினைத்தேன். ‘பிள்ளை முகத்தைப் பாருங்க’, ‘ஜெபம் பண்ணுங்க’ என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் என் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கிக் கொடியில் போட்டாள்.

“எப்பலேருந்து அண்ணி?”

“பிள்ளை பொறந்ததுலேருந்து.”

“இப்பவும் இருக்கா?”

“இருக்கு. எனக்கே என்னை நெனச்சா பயமா இருக்கு.”

“சொன்னதுக்குத் தேங்க்ஸ். இனிமே தனியா பயப்பட வேணாம். அண்ணன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?”

“நீயே சொல்லு.”

அன்று அவள் ஹாஸ்டலுக்குத் திரும்பவில்லை. மறுநாள் ரொனால்டும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகவில்லை. இருவரும் டாக்சியில் என்னை நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு வருகிற மனச்சோர்வு, குணமாகும் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், ஆலோசகரைப் பார்க்க அனுப்பினார்.

“ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” என்று மாமி அழுதார். அன்றிலிருந்து ராத்திரிப் பால் புட்டி அவர் பொறுப்பு.

பயம் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் வருகிறபோது யாரையாவது கூப்பிட முடிகிறது.

போன மாதம் குழந்தைக்கு ஞானஸ்நானம். அமண்டாவோடு படிக்கும் ஷாமளா விருந்துக்கு வந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“உங்க டீச்சருக்கு என் நன்றியைச் சொல்லிடும்மா. அவங்க அந்த அசைன்மென்ட் குடுக்காம இருந்திருந்தா இன்னைக்கு நான் இல்ல.”

ஷாமளா விழித்தாள்.

“அசைன்மென்டா? அப்படி ஒன்னும் குடுக்கலையேக்கா. ட்ரெய்னிங் முடிஞ்சதும் அமண்டாதான் டீச்சர்கிட்ட போய் அழுதா. ‘எங்க அண்ணி முகமே சரியில்ல மிஸ், அவங்களுக்குக் கூச்சம் வராம எப்படிக் கேக்கறது’ன்னு.”