பானை மூடிக்குப் பாரம்

தென்துருவக் கப்பலில் சமைத்துவிட்டுப் பாளையம்பட்டிக்குத் திரும்பிய மதார் மைதீன், சம்பாத்தியமென்று காட்டியது ஒரு கல்லைத்தான். சுருண்ட ஓட்டோடு கல்லாகிப்போன ஆதிகாலக் கடல் உயிர், அம்மோனைட். கப்பல் ஆராய்ச்சியாளர் கொடுத்தது. மனைவி ரஹ்மத் அதைத் தண்ணீர்ப் பானை மூடிக்குப் பாரமாக வைத்தாள்.

அவளுக்கு எட்டாம் மாதம். சித்திரை வெயிலில், கப்பலுக்கே ஆக்கிப்போட்டவர் சமைத்த எதுவும் வயிற்றில் தங்கவில்லை. பனிக்கட்டியாய்க் குளிர்ந்த அந்தப் பானைத் தண்ணீர் மட்டும் தங்கியது.

"ஏங்க, நேத்து கல்லுல வரிவரியா இருந்துச்சு. இன்னைக்கு முள்ளுமுள்ளா இருக்கு."

"அந்தக் கடல்ல இதுல எத்தனையோ தினுசாம் ரஹ்மத்து. முறை வச்சு வாராக போல."

மகள் நல்லபடியாகப் பிறந்த அன்று மூடிமேல் கல் இல்லை. மைதீன் திறந்து பார்த்தார். வரியுள்ளது ஒன்று, முள்ளுள்ளது ஒன்று, வழுவழுப்பானது ஒன்று, மெதுவாக நீந்திக்கொண்டிருந்தன.

"அவசரமில்ல, இருந்துட்டே போங்க" என்று சொல்லி மூடினார், பாரம் வைக்காமல்.