முழுக் கொப்பி

“செத்துப்போச்சு அக்கா” என்றாள் மிதுஷா.

“ஐயோ, இண்டைக்குப் பாத்தோ!” லலிதா தலையில் கை வைத்தாள்.

இல்ஃபோர்டில் லலிதாவின் எம்பிராய்டரிக் கடை. சனிக்கிழமை காலை பத்து மணி. விடிந்தால் லூயிஷாம் சிவன் கோயிலில் தேர். தேருக்குக் கட்டும் சீலைகளில் வருடா வருடம் அதே மயிலைப் போட்டுக் கொடுக்கிற வேலை அவளுடையது. பன்னிரண்டில் ஏழு முடிந்துவிட்டது. மிச்சம் ஐந்து இருக்கும்போதுதான் மெசினை ஓட்டுகிற பழைய கொம்பியூட்டர் படுத்துவிட்டது.

பழுது பார்க்க வந்த மிதுஷா அதன் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தாள்.

“ஹார்ட் டிஸ்க்தான் போயிட்டுது. புது டிஸ்க் என்னட்டை இருக்கு. ஆனா அதில சிஸ்டத்தை முதலிலயிருந்து போடோணும். போட்டா ஆக்டிவேட் பண்ண நம்பர் கேக்கும். அந்த நம்பர் இருக்கிற பெட்டி எங்க அக்கா?”

“ஏழு வருசத்துக்கு முந்தி வாங்கினது. ஆர் கண்டது!”

“நம்பர் இல்லாட்டி ஏலாது.”

“ஓடிப்போய் புதுக் கொம்பியூட்டர் ஒண்டு வாங்கட்டே?”

“புதுசோட இந்த மெசின் கதைக்காது. அவ்வளவு பழசு.” மிதுஷா யோசித்தாள். “நல்லா ஓடிக்கொண்டிருந்த காலத்தில ஆரும் முழு டிஸ்க்கையும் இமேஜ் எடுத்து வச்சவையே?”

“அதென்ன?”

“ஃபைலை மட்டும் எடுக்கிறேல்லை. சிஸ்டம், செற்றிங், ஆக்டிவேட் பண்ணினது, எல்லாத்தையும் சேத்து அப்படியே ஒரு முழுக் கொப்பி. அதைப் புது டிஸ்க்கில இறக்கினா, கொம்பியூட்டருக்குத் தான் செத்ததே தெரியாது. நம்பரும் கேக்காது.”

லலிதாவின் முகம் சிவந்தது.

“எடுத்தவன் ஒருத்தன் இருக்கிறான். கள்ளன்!”

கொட்வின் இந்தக் கடையில் ஐந்து வருடம் மெசின் ஓட்டியவன். கிங்ஸ்பரியில் வேறு வேலை கிடைத்து விலகிய கடைசி நாளில், இன்னொரு டிஸ்க்கைச் செருகி எல்லாவற்றையும் கொப்பி எடுத்துக்கொண்டு நின்றதை லலிதா கண்ணால் கண்டாள். தன் டிசைன்களைக் களவெடுக்கிறான் என்று கத்தினாள். “இது உங்களுக்குத்தான் அக்கா” என்று அவன் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. கோபத்தில் டிஸ்க்கைப் பிடுங்கி வைக்கக்கூடத் தோன்றாமல் வெளியே விரட்டிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு தரம் வந்தான். அவள் கதவையே திறக்கவில்லை.

அதோடு விட்டாளா? கோயில், கடை, கலியாண வீடு என்று இந்த இரண்டு வருடமும் போன இடமெல்லாம் அவன் கள்ளன் என்று சொல்லித் தீர்த்தாள்.

“அப்ப உடன போன் எடுங்கோவன் அக்கா!” மிதுஷா துள்ளி எழும்பினாள்.

“அவனுக்கு நான் போன் எடுக்கிறதோ?”

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் கோயில் நிர்வாகத்துச் செல்வமலர்.

“லலிதா, பின்னேரம் ஏழு மணிக்குச் சீலைகளை ஏத்த வான் வரும். தேர் கட்டிறவை காத்துக்கொண்டு நிக்கினம். பன்ரண்டும் ரெடிதானே?”

லலிதா போனை எடுத்தாள். கொட்வினின் நம்பரை அழுத்தி மிதுஷாவின் கையில் திணித்தாள். “நீயே கதை.”

அரை நிமிடத்தில் பேச்சு முடிந்தது.

“வாறாராம்!”

“என்ன கேட்டவன்?”

“ஒண்டும் கேக்கேல்லை. ‘டிஸ்க் என்னட்டை இருக்கு, வாறன்’ எண்டு மட்டும் சொன்னவர்.”

ஒன்றேகால் மணித்தியாலத்தில் கொட்வின் வந்தான். ஸ்டேஷனிலிருந்து ஓடியே வந்திருக்கிறான், சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. “எப்பிடி இருக்கிறீங்கள் அக்கா?” என்றான். லலிதா நூல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிதுஷா டிஸ்க்கை வாங்கிச் செருகினாள். போகாமல் காத்திருந்த செல்வமலரையும் சேர்த்து நாலு பேரும் திரையைச் சுற்றி நின்றார்கள்.

இருபது வீதம். நாற்பது. எழுபது.

தொண்ணூற்றொன்றில் அப்படியே நின்றது.

“நிண்டிட்டுதோ?” லலிதா திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

“பொறுங்கோ அக்கா...” தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றைந்து. “நூறு!”

திரை வெளித்தது. எல்லாம் பழையபடி அதனதன் இடத்தில் இருந்தது. கொட்வின் பொத்தானைத் தட்ட, மெசின் தடதடவென்று உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. நீல நூலில் மயிலின் கழுத்து முளைத்தது.

“சிவசிவா!” செல்வமலர் மெசினுக்குப் பக்கத்தில் போய் நின்று கைதட்டினார். லலிதா மிதுஷாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள்.

“நம்பரும் கேக்கேல்லை பாருங்கோ!” மிதுஷாவுக்கும் சந்தோசம் தாங்கவில்லை. இன்னொரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். “ஆக்டிவேட் ஆகித்தான் இருக்கு. பதிவு செய்தவரின்ர பேர்...” சட்டென்று நிறுத்தினாள். “கொட்வின்.”

லலிதாவின் சிரிப்பு அணைந்தது.

“பாத்தியே! என்ர கொம்பியூட்டரையே தன்ர பேருக்கு மாத்தி வச்சிருக்கிறான்!”

கொட்வின் ஒருதரம் செல்வமலர் நின்ற பக்கம் பார்த்தான். பிறகு கிட்ட வந்து, மெசின் சத்தத்துக்குள் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“நீங்கள் சந்தையில வாங்கித் தந்த சிஸ்டம் களவுக் கொப்பி அக்கா. நான் வேலைக்கு வந்த முதல் மாசமே அது நிண்டுபோச்சு. அதால நான் நல்லதொண்டை வாங்கி என்ர பேரில பதிஞ்சு போட்டனான். நான் போனாப்பிறகு இது விழுந்தா உங்களுக்குத் திருப்பிப் போட ஒண்டும் இல்லை எண்டுதான், அண்டைக்கு முழுசாக் கொப்பி எடுத்தனான்.”

லலிதா விறைத்துப்போய்ச் செல்வமலரைத் திரும்பிப் பார்த்தாள்.

“பயப்பிடாதேங்கோ அக்கா. இதை நான் இண்டுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”