காலடியில் கிடந்தது

மகளின் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. தேவசகாயத்துக்கு மேல்வரிசை முன்பல் நான்கும் இல்லை. பல்செட்டுக்கு அளவெடுக்க மனைவி ஜெசிந்தா மூன்று முறை நேரம் வாங்கியும் மனிதர் போகவில்லை. கோடி வருஷத்துக்கு முன்னால் செத்த ராட்சதச் சுறாக்களின் பல்லைத் தேடி, சுண்ணாம்புக்கல் பள்ளமே கதியென்று கிடந்தார். வீட்டில் அரிசி டின்னைத் திறந்தாலும் பல்தான்.

நான்காம் முறை, அவளே ஆட்டோ பிடித்துப் பள்ளத்துக்கு வந்துவிட்டாள்.

"டாக்டர் அஞ்சு மணிக்குக் கிளம்பிருவாராம். எழுந்திரிங்க."

"பத்து நிமிஷம்மா. பெருசா ஒண்ணு இங்கதான் எங்கயோ கிடக்கு."

"செத்த மீனோட பல்லு கிடக்கட்டும். சபையில உங்க வாயத்தான் எல்லாரும் பாக்கப்போறாங்க."

கையைப் பிடித்து அவரைத் தூக்கும்போதுதான் அவள் கண்ணில் பட்டது. அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி, உள்ளங்கை அகலத்தில், ரம்பம் போன்ற விளிம்போடு, மண்ணுக்குள்ளிருந்து கறுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. அவள் நகர்ந்து அதன்மேல் காலை வைத்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. வாங்க."

டாக்டர் அவர் வாய்க்குள் மாவை வைத்து அச்செடுக்கும்போது வெளியே மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் இந்நேரம் சேறு சரிந்துகொண்டிருக்கும். ஜெசிந்தா வாசல்வரை போய் வானத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் டாக்டர்?" என்றாள்.