செருப்புக்குத் தண்ணீர்

"அப்படியே காப்பி அடிச்சிருக்கீங்களே, மேடம்!" என்று பதிப்பாளர் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார்.

மேஜைமேல் இரண்டு புத்தகங்கள் விரிந்து கிடந்தன. ஒன்று, அவள் எழுதி வரைந்த சிறுவர் படக்கதை. இன்னொன்று, அதற்கு முந்தைய வருடம் இந்தப் பதிப்பாளர் வெளியிட்ட நாவல்.

நாவலை எழுதியவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். புனைபெயரில் எழுதுகிறவர். அட்டையில் படம்கூடப் போடவிடாதவர். அவளும் புனைபெயர்க்காரிதான்.

உள்ளே நுழைந்து அவரைப் பார்த்ததுமே அவள் முகம் வெளிறிவிட்டது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டவளின் முகம் என்று பதிப்பாளர் எடுத்துக்கொண்டார்.

"ரெண்டுலயும் ஒரு குழந்தை தினம் காலைல தன் செருப்புக்குத் தண்ணி ஊத்துது. கேட்டா, அப்பா செருப்பு மாதிரி பெருசா வளரணும்னு சொல்லுது. இது ரெண்டு பேருக்குத் தானா தோணுமா?"

"நான் இந்த நாவலைப் படிச்சதே இல்ல."

"எல்லாரும் சொல்றதுதான். இப்போ படிங்க." புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார்.

படித்தாள். வாசற்படி, நசுங்கிய டம்ளர், தரையெல்லாம் ஈரமாகிறதே என்று கத்தும் அம்மா. எல்லாம் அவள் கதையிலும் இருந்தது. மறுக்க வழியே இல்லை.

பக்கத்தைப் புரட்டினாள்.

அங்கே இருந்தது அவள் கதையில் இல்லை. நாவலில் வரும் அப்பா பழைய செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறான். அதே சிவப்பு வார், அதே பூ, ஒரு அளவு மட்டும் பெரிது. குழந்தை எழுவதற்குள் பழைய செருப்பு இருந்த இடத்தில் புதியதை மாற்றி வைத்து, மேலே கொஞ்சம் தண்ணீரும் தெளித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறான்.

அவள் விரல் அந்த வரியிலேயே நின்றது.

அவள் கதையிலும் செருப்பு வளர்ந்துவிட்டது என்று குழந்தை வீடு முழுக்கக் குதிக்கிறது. அடுப்படியிலிருந்து அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல், "சரிடா கண்ணு" என்கிறாள். அவ்வளவுதான்.

அவள் நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்த்தாள். "மாத்தி வச்சது நீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

"மேடம், பேச்சை மாத்தாதீங்க," என்றார் பதிப்பாளர். "இது யாரோட கற்பனை? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

பதில் ஜன்னலோரத்திலிருந்து வந்தது.

"எங்க பாப்பாவோடது."

பதிப்பாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு புத்தகங்களையும் மூடி வைத்தார்.

குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே அதன் பொருட்களையெல்லாம் மூட்டை கட்டியவர் அவர். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதன்பிறகு அவள் எவ்வளவோ கெஞ்சியும் பாப்பா என்ற சொல்லே அவர் வாயில் வந்ததில்லை.

இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் அவள் அவரை விட்டு வந்தாள்.